எக்ஸ்டார்ட்டில் நின்ற தர்மபுரி லிங்க்: வீணாய்ப் போன ஒரு பயணம்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பாலக்கோடு, தர்மபுரி. நான்கு கிளைக்கும் நான்கு சிஸ்கோ ரவுட்டர். சேவை நிறுவனம் கொடுத்த ஒரே லேயர் 2 லிங்க் (நான்கும் ஒரே ஸ்விட்சில் இருப்பதுபோல), ஒரே சப்நெட். ரவுட்டர்கள் வழித்தடங்களைத் தங்களுக்குள் பகிர ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை, ஏரியா 0. மூன்று ரவுட்டர்கள் உடனே சேர்ந்துவிட்டன. தர்மபுரி இரண்டு நாள் இழுத்தது.

முதலில் நெய்பர் (அண்டை ரவுட்டர்) பட்டியலில் தர்மபுரியே வரவில்லை. ரவுட்டர்கள் ஒன்றையொன்று அறிய ஹலோ என்ற சிறு பாக்கெட்டை அனுப்பிக்கொள்ளும். ஏரியா எண், ஹலோ நேரம், டெட் நேரம், சப்நெட் மாஸ்க், ஸ்டப் குறி, ஆத்தென்டிகேஷன் இவற்றில் ஒன்று பிசகினாலும் வந்த ஹலோவை ரவுட்டர் ஒதுக்கிவிடும். தர்மபுரியில் ஹலோ நேரம் 30 நொடி, டெட் நேரம் 120. மற்றவற்றில் 10, 40. 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்' இரண்டு பக்கமும் ஓட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அடுத்ததுதான் பாடாய்ப் படுத்தியது. நெய்பர் தெரிகிறது, ஆனால் எக்ஸ்டார்ட்டிலேயே (தகவல் பரிமாற்றம் தொடங்கும் நிலை) நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் 'டூ மெனி ரீட்ரான்ஸ்மிஷன்ஸ்' என்று லாக் வந்து டவுன், பிறகு மறுபடி முதலிலிருந்து. சேவை நிறுவனத்தைக் கேட்டால், "லிங்க் அப்ல இருக்கு சார், பிங் போகுது, உங்க கேபிளப் பாருங்க." அதை நம்பி தர்மபுரி போய் கேபிளும், அது செருகும் எஸ்எஃப்பி மாட்யூலும் மாற்றிவிட்டுத் திரும்பினோம். அரை நாள் போனதுதான் மிச்சம். எக்ஸ்டார்ட் வந்துவிட்டது என்றாலே ஹலோ இரு திசையிலும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். கேபிளையும் ஒருவழி அடைப்பையும் சந்தேகிக்க வேண்டியது இனிட்டில், அதாவது எதிர்ப்பக்க ஹலோ வந்தும் நம் ஹலோ அங்கே போனது உறுதியாகாத நிலையில், நிற்கும்போது.

எக்ஸ்டார்ட்டில் போகும் டிபிடி (தன்னிடமுள்ள தகவல்களின் பட்டியல்) பாக்கெட்டில் அனுப்பும் இன்டர்ஃபேஸின் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற அளவு, இருக்கும். அது தன்னுடையதைவிடப் பெரிது என்றால் வாங்கும் ரவுட்டர் அந்தப் பாக்கெட்டை ஏற்காது. மூன்று இடத்தில் 1500, தர்மபுரியில் மட்டும் யாரோ முன்பு போட்ட 1400.

'ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியூ இக்னோர்' போட்டு இந்த ஒப்பீட்டை நிறுத்தினோம். உடனே ஃபுல், அதாவது சேர்க்கை முழுமை. அதோடு விட்டுவிடாதீர்கள். தர்மபுரியில் பில்லிங் திரை பாதி வந்து உறைந்தது. கிருஷ்ணகிரி ரவுட்டரிலிருந்து டிஎஃப் பிட் (பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற குறி) வைத்து 1500 அளவில் பிங் அடித்தால் ஒன்றும் திரும்பவில்லை. 1400 அளவில் போகிறது. தர்மபுரி முனையில் சேவை நிறுவனத்தின் லிங்க்கே 1500-ஐத் தாங்கவில்லை. அவர்கள் சொன்ன பிங் சிறியது. விண்டோஸில் சும்மா அடித்தால் 32 பைட்தான் போகும். பிங்கோடு இப்படிச் சேர்த்துப் பாருங்கள்: 'மைனஸ் எஃப் மைனஸ் எல் 1472'. தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். புகாரில் 1472 போகவில்லை, 1372 போகிறது என்று எண்ணோடு எழுதிய பிறகு கேபிள் பேச்சு நின்றது.

இக்னோரை எடுத்துவிட்டு நான்கு ரவுட்டரிலும் 'ஐபி எம்டியூ 1400' வைத்தோம். ஒரே சப்நெட் என்பதால் நான்கிலும் வைத்தாக வேண்டும். ஃபுல் வந்தது, பில்லிங் திரையும் முழுசாகத் திறந்தது.

இதில் எதற்கும் நேரில் போக வேண்டியிருக்கவில்லை. ஓஎஸ்பிஎஃப் விழுந்திருந்தாலும் கிருஷ்ணகிரி ரவுட்டருக்குள்ளிருந்தே தர்மபுரியின் லிங்க் முகவரிக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) போகலாம். நேரடி சப்நெட், ரூட் தேவையில்லை. மாற்றும் முன் 'ரீலோட் இன் 10' போட்டு, சேமிக்காமல் மாற்றுங்கள். கை தவறி உள்ளே போக முடியாமல் ஆனாலும் பத்து நிமிடத்தில் பழைய அமைப்போடு எழும். சரியாக வந்தால் 'ரீலோட் கேன்சல்', அதன்பிறகு சேமிப்பு.

பாலக்கோட்டுக்கும் தர்மபுரிக்கும் இடையே 2-வே (ஹலோ மட்டும் பரிமாறும் நிலை) என்றே காட்டும். அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். சப்நெட்டின் தலைமை ரவுட்டரான டிஆரும் அதற்கு மாற்றான பிடிஆரும் கிருஷ்ணகிரியும் காவேரிப்பட்டினமும். மற்றவை இவற்றோடு மட்டும் ஃபுல் ஆகும். மற்ற இரண்டும் தங்களுக்குள் 2-வேயில் இருப்பதுதான் முறை. தர்மபுரிக்கு பிரையாரிட்டி 0 வைத்திருக்கிறோம், அதனால் அது டிஆர் ஆகவே முடியாது. இல்லாவிட்டால், ஒரு முறை அது டிஆர் ஆகிவிட்டால், பெரிய பிரையாரிட்டியோடு கிருஷ்ணகிரி திரும்பி வந்தாலும் இடத்தை விடாது.