பட்ஜெட் க்யூபைத் திரும்பக் கட்டியபோது

எங்கள் ஜவுளிக்கடைக்கு மதுரையில் மூன்று கிளைகள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் ஊருக்கொன்று. ஆறு கடை பட்ஜெட்டும் எக்செலில்தான் இருந்தது. 2025-26 பட்ஜெட்டுக்கு ஆரக்கிளின் எஸ்பேஸ் மென்பொருளுக்கு மாறுவது என்று முடிவாகி, அதில் க்யூப் (எண்களைப் பல கோணங்களில் அடுக்கிவைக்கும் தரவுத்தளம்) கட்டும் வேலை என்னிடம் வந்தது.

கையில் கிடைத்ததையெல்லாம் டைமென்ஷன், அதாவது அந்தக் கோணங்களில் ஒன்று, ஆக்கினேன்: கணக்குத் தலைப்பு, மாதம், வருஷம், சினாரியோ (பட்ஜெட்டா, நிஜக் கணக்கா என்பது), கிளை, கிளை வகை, சரக்கு, சப்ளையர். இதில் தலைப்பு, மாதம், சரக்கு மூன்றையும் டென்ஸ் (பெரும்பாலான கட்டங்களில் எண் இருக்கும் வகை) என்று குறித்ததுதான் பெரிய தப்பு. எஸ்பேஸ் தரவைப் பிளாக் பிளாக்காக வைத்துக் கையாளும்; டென்ஸ் டைமென்ஷன்களில் சேமிக்கப்படும் உறுப்புகளின் எண்ணிக்கையைப் பெருக்கி, கட்டத்துக்கு 8 பைட் என்று போட்டால் ஒரு பிளாக்கின் அளவு வரும். தலைப்பு 150, காலாண்டு, வருஷ மொத்தம் சேர்த்து காலம் 17, சரக்கு 60. ஆக 12,24,000 பைட். உசிலம்பட்டிக் கடையில் அந்த அறுபதில் பாதிகூட விற்பதில்லை. பிளாக்கில் பெரும்பகுதி காலி. டிஸ்கில் சுருங்கி இருந்தாலும், கணக்கிட மெமரிக்கு வரும்போது முழுசாக விரியும். சாயங்காலம் ஓடவிட்ட கணக்கீடு காலையிலும் முடியவில்லை.

சரக்கை ஸ்பார்ஸுக்கு, அதாவது எண் இருக்கும் சேர்க்கைக்கு மட்டும் பிளாக் உருவாகும் வகைக்கு, மாற்றினேன். பிளாக் 20,400 பைட்டுக்கு இறங்கியது. சப்ளையர் வாரியாக யாரும் பட்ஜெட் போடுவதில்லை, அதனால் அதை எடுத்துவிட்டேன். கிளை வகை, கிளைக்கு ஒரு அட்ரிபியூட் (கூடுதல் பண்பு) ஆனது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

போன வருஷ நிஜக் கணக்கை எடுத்து, மாதாமாதம் பத்து சதவீதம் ஏற்றி தல்லாகுளம் கிளைக்குக் காட்டினேன். அங்கே பில் போடும் தம்பி ஏப்ரல் வரியில் விரலை வைத்தார். "அழகர் மே மாசம்தான் இறங்குறாருண்ணே. ஏப்ரல்ல எப்படி இவ்வளவு விக்கும்?"

2024-இல் அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23. 2025-இல் மே 12. எதிர்சேவைக்கு வரும் கூட்டத்தை நம்பி நடக்கும் கடையில் இதை நான் மறந்திருக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு அடையாளம் போட்டாலும் போதாது. ஒரே மாதத்தில் பண்டிகை வியாபாரமும் இருக்கும், வழக்கமான வியாபாரமும் இருக்கும். அதனால் 'விற்பனை வகை' என்று சின்னதாக ஒரு ஸ்பார்ஸ் டைமென்ஷன் சேர்த்து, வழக்கம், பண்டிகை என்று இரண்டு உறுப்புகள் வைத்தேன். பழைய பில்களைத் தேதி பார்த்துப் பிரிக்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் வீண் இல்லை.

அப்புறம் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, பண்டிகை வரியை மட்டும் மே மாதத்துக்கு நகர்த்தினேன். வழக்கமான விற்பனை அசையவில்லை. முதல் காலாண்டு மொத்தமும் அப்படியே நின்றது.