ஹீட்டர் ராடும் எட்டு வோல்ட்டும்

போன மார்கழியில் ஒரு நாள் காலை அம்மா, "தண்ணி காயவே மாட்டேங்குது, அந்த ஸ்விட்ச் போர்டு வேற தொட்டா சுடுதுடா" என்றார். வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு போன் போட்டேன். "ராடு போயிருக்கும் தம்பி, புதுசு ஒண்ணு வாங்கிடுங்க" என்று நேரில் பார்க்காமலே தீர்ப்பு சொல்லிவிட்டார். ராடு போனால் தண்ணீர் காயாது, சரி. போர்டு எதற்குச் சுட வேண்டும்?

ராடின் கைப்பிடியில் 1500 வாட், 230 வோல்ட் என்று போட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்த கணக்குதான்: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் திறன், வகுத்தால் மின்தடை. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.52 ஆம்பியர், 230-ஐ 6.52-ஆல் வகுத்தால் 35.3 ஓம். பிளக்கைப் பிடுங்கி, அதன் இரண்டு பின்னிலும் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 35.1 காட்டியது. ராடுக்கு ஒரு கேடும் இல்லை.

(குண்டு பல்பில் இப்படிச் செய்து ஏமாந்துவிடாதீர்கள். 60 வாட் பல்புக்குக் கணக்குப்படி 880 ஓம் வர வேண்டும், மீட்டரோ அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. பல்பு கெட்டுப்போகவில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, அந்தச் சூட்டில்தான் அதன் மின்தடை அவ்வளவு ஏறுகிறது. ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பி அப்படி இல்லை, சூட்டிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.)

அடுத்து, ராடைப் போட்டு ஓடவிட்டு அளக்க வேண்டும். மல்ட்டிமீட்டரை ஆம்பியர் பக்கம் திருப்பி பிளக் பாயின்ட்டில் செருகினால் நேரே ஷார்ட் சர்க்யூட், ஒருமுறை அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டு மீட்டரின் ஃபியூஸைத் தொலைத்தவன் நான். அதனால் நண்பனிடம் கிளாம்ப் மீட்டர் வாங்கி வந்தேன், வயரை வெட்டாமல் வெளியிலிருந்து கவ்விப் பிடித்தே ஆம்பியரைக் காட்டும் மீட்டர் அது. வயரை அப்படியே அதன் வாய்க்குள் விட்டால் பூஜ்யம்தான் வரும், ஃபேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் வயரின் மேலுறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு உரித்து, ஃபேஸ் வயரைத் தனியே பிரித்து அதன் மேல் மாட்டினேன்.

ராடு போடும் முன் அதே போர்டின் பக்கத்து பாயின்ட்டில் 224 வோல்ட். போட்டதும் 212. ஆம்பியர் 6. ஆக 212 × 6 = 1272 வாட். எங்கள் தெருவில் வோல்டேஜ் ஒரு நிலையில் நிற்காது என்பதால் மூன்று நான்கு தடவை போட்டு நிறுத்திப் பார்த்தேன், அதே 12 வோல்ட்தான் இறங்கியது. (ஜெர்மனியில் ஓம் என்ற பள்ளிக்கூட வாத்தியாருக்கும் இதே பாடுதான். அவர் கையிலிருந்த பேட்டரி நிலையாக நிற்காததால், ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருக்கும்படி பிஸ்மத்–தாமிர இணைப்பு செய்து, அந்தச் சூட்டு வித்தியாசத்தில் பிறக்கும் நிலையான மின்னழுத்தத்தில் அளந்துதான் தன் விதியைப் பிடித்தார். 1827-இல் புத்தகமாகப் போட்டார்.)

இந்த 12 வோல்ட் எங்கே போனது? மீட்டர் பெட்டியை ஒட்டி ஒரு பிளக் பாயின்ட் உண்டு, அது வேறு லைன். ராடு ஓடும்போது அங்கே 220. அப்படியென்றால் 4 வோல்ட் தெருவிலிருந்து வரும் வழியிலேயே போகிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. மீதி 8 வோல்ட் வீட்டுக்குள். எட்டை ஆறால் வகுத்தால் 1.3 ஓம், பெருக்கினால் 48 வாட். வயர் மட்டும் இவ்வளவு தின்னுமா? 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ஆயிரம் மீட்டருக்கு 12 ஓம் சொச்சம். போர்டு வரை 12 மீட்டர், போக வர 24 மீட்டர், 0.3 ஓம்தான் தேறுகிறது. பாக்கி ஒரு ஓம் ஏதோ ஒரு புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஓம்தானே என்று விட முடியாது, 6 ஆம்பியர் அதில் போனால் 6 வோல்ட் அங்கேயே விழும், 6 × 6, அதாவது 36 வாட். என் சாலிடரிங் அயர்ன் வெறும் 25 வாட், அதிலேயே ஈயம் உருகுகிறது. அதைவிட ஒன்றரை மடங்கு சூடு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்!

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு போர்டைக் கழற்றினேன். கருகிய வாடை குப்பென்று வந்தது. உள்ளே நியூட்ரல் வயர் வந்து சேரும் திருகு, ஸ்க்ரூடிரைவர் படுவதற்குள்ளேயே ஆடியது. வயரின் கறுப்பு உறை கடைசி ஒரு அங்குலம் சுருங்கி அப்பளம் போல நொறுங்கியது, செம்பு கருத்துப்போயிருந்தது. கருகியதை வெட்டி எறிந்து, பளபளப்பான செம்பு தெரியும்வரை சீவி, திருகையும் புதிதாக மாற்றி இறுக்கினேன்.

திரும்பப் போட்டதும் 218 வோல்ட், 6.2 ஆம்பியர், 1350 வாட். அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், போர்டு ஜில்லென்று இருந்தது. ஒரு பக்கெட் தண்ணீர், 20 லிட்டர், 27 டிகிரியிலிருந்து 45-க்குப் போக முன்பு 20 நிமிடம் ஆகியிருக்கும், இனிமேல் பதினெட்டரை. 1500 வாட் முழுதாகக் கிடைத்தால்கூட 17 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பெருமையாக அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஒன்றரை நிமிஷத்துக்காடா காலைல இருந்து கரண்டை நிறுத்தி வெச்சே? மாவு அரைக்கணும், தள்ளு."