சூட்டில் நின்றுபோகும் புல்லட்: கண்டென்சரை இடம் மாற்றிப் பார்த்த அனுபவம்

காலையில் ஒரே உதையில் கிளம்பும் வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், நெரிசலில் சிறிது தூரம் ஊர்ந்த பிறகு சிக்னலில் அணைந்துபோய், அதன்பின் எவ்வளவு உதைத்தாலும் அசையாமல் நிற்கும் கோளாறைப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்னிடம் உள்ள 1996-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு 350, கோடை தொடங்கியதிலிருந்து இதைச் செய்து என்னைப் பாடாய்ப் படுத்தியது. இப்போது அது தீர்ந்துவிட்டது என்று துணிந்து எழுதுகிறேன். அக்னி நட்சத்திர வெயிலில், நண்பகல் வேளையில், கோடம்பாக்கம் மேம்பாலத்திலிருந்து போரூர் வரை ஆற்காடு சாலை முழுவதையும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாகவே கடந்து பார்த்தேன். வண்டி ஓரிடத்திலும் அணையவில்லை.

இந்தக் கோளாறு நகரத்துக்கே உரியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதே வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும்போது ஒருமுறைகூட முரண்டு பிடித்ததில்லை. 70 மி.மீ. போரும் (சிலிண்டரின் விட்டம்) 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட இந்த 346 சி.சி. எஞ்சினுக்கு எதிர்க்காற்றுதான் ஒரே குளிர்ச்சி. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டுத் தொடங்கியபின், மாதவரத்துக்குப் போனாலும் மயிலாப்பூருக்குப் போனாலும் தடுப்புத் தகடுகளுக்கு இடையில் ஊர்வதே நடைமுறையாகிவிட்டது. அந்த வேகத்தில் காற்று எஞ்சினைத் தொடுவதே இல்லை. பிளக்குக்குப் பொறி தரும் காயிலின் மின்னோட்டத்தைத் தக்க நேரத்தில் அறுக்கும் சுவிட்சான பிளாட்டினம் பாயிண்ட் இருக்கும் பெட்டியோ சிலிண்டருக்குப் பின்னால், வலப்புறத்தில், வார்ப்பிரும்பின் வெப்பம் நேராக வந்து தேங்கும் இடத்தில் அமைந்திருக்கிறது.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவதையே நானும் வரிசையாகச் சோதித்தேன். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு பழைய வண்டியின் எந்தக் கோளாறையும் அதன் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவை மெலிவாகும், சூடும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் மெலிந்த கலவையால் நிற்கும் வண்டி, சோக்கை இழுத்தால் கொஞ்சமாவது முனகும். இது முனகவே இல்லை. டாங்க் மூடியின் காற்றுத் துளை, கார்புரேட்டரின் மிதவை மட்டம், பிளக், காயில் ஆகிய எதிலும் குறை தெரியவில்லை.

விடை புதுப்பேட்டையில் கிடைத்தது. ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் புல்லட் வேலை மட்டுமே செய்யும் முதியவர் ஒருவர், நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “தம்பி, சூட்டுல நிக்குதுன்னா பெட்ரோலைத் தேடாதீங்க. நின்ன உடனே பாயிண்ட் மூடியைக் கழட்டி, பொறி எப்படி அடிக்குதுன்னு பாருங்க” என்றார். அன்று மாலையே வடபழனி சிக்னல் தாண்டி வண்டி அணைந்தது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, மூடியைக் கழற்றி, கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தேன். பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் இரு முனைகளுக்கிடையில் நீல வெண்மையான தடித்த பொறி, வெல்டிங் பற்றவைப்பதுபோல் எரிந்தது. பிளக்கில் வந்ததோ வெளுத்த மஞ்சள் நிறத்தில் ஓர் இழை மட்டுமே. வண்டி குளிர்ந்த பிறகு பார்த்தபோது பாயிண்டில் இருந்த பொறி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பாயிண்டில் பொறி பறக்காமல் காக்க வேண்டிய சிறு உருளையான கண்டென்சர்தான் குற்றவாளி என்பதில் அதன்பின் ஐயமில்லை.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கண்டென்சரைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 0.2 மைக்ரோஃபாரட் என்று ஒழுங்காகக் காட்டும்; என்னுடையதும் அப்படியே காட்டியது. ஆனால் மீட்டர் அதற்குக் கொடுப்பது ஒரு சில வோல்ட் மின்னழுத்தம் மட்டுமே. ஓடும் எஞ்சினில் பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் முதன்மைச் சுற்றில் எழும் மின்னழுத்தம் 200 வோல்ட்டையும் தாண்டும். சூடேறிய காப்புத்தாள் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் கசியத் தொடங்கினால், மின்னோட்டம் சட்டென்று அறுபடாது. அது அறுபடாவிட்டால் காயிலின் காந்தப்புலம் விரைவாகச் சரியாது. பிளக்குக்கு வலுவான பொறியும் வராது. ஆகவே குளிர்ந்த நிலையில் மேசைமேல் வைத்து எடுக்கும் அளவீடு இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்காது.

புதிய கண்டென்சர் வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜி.பி. ரோட்டின் உதிரிப் பாகக் கடையில் வாங்கிய ஒன்று நன்றாகத் தொடங்கி, அதே வாரத்தில் அதே சிக்னலில் கைவிட்டது. வேறு கடையில், வேறு பெட்டியில், கூடுதல் விலைக்கு வாங்கியதும் நெடுநாள் நிற்கவில்லை. இவற்றில் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே சுருட்டிய தாள் தளர்வாக இருந்தது. வெளியே வரும் ஒயர் பற்றவைக்கப்படாமல் அழுத்தித் திணிக்கப்பட்டிருந்தது. ஒரு சிறு உருளையை ஒழுங்காகச் செய்யாமல் அழகான பெட்டியில் போட்டு விற்கிறவர்கள்மேல் எனக்கு உண்மையான கோபம் உண்டு. அதை நம்பி ஒருவர் இரவில் பாலத்தின் நடுவில் லாரிகளுக்கிடையே நிற்க நேரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதனால் மோட்டார் கடைகளை விட்டுவிட்டு, மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கண்டென்சரும் கெப்பாசிட்டரும் ஒன்றேதான். 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர் என்று குறிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். விலை ஒரு சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது. வாங்கும்போது பாலியெஸ்டரை எடுத்து நீட்டுவார்கள். திடீர் மின்துடிப்புகளைத் தாங்குவதில் பாலிபுரொப்பிலீன் மேலானது என்பதால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இதன் இரு கால்களிலும் மெல்லிழை ஒயரைப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, அதிர்வில் கால் முறியாதிருக்க முழுவதையும் அரால்டைட்டில் மூழ்கவைத்து, ஒரு சிறிய அலுமினியக் குழாய்க்குள் அடைத்தேன். புல்லட்டின் அதிர்வைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அரால்டைட் இல்லாமல் பொருத்தினால் கெப்பாசிட்டரின் கால்தான் முதலில் போகும்.

இதைப் பாயிண்ட் பெட்டிக்குள் வைக்காமல், டாங்குக்குக் கீழே காயிலின் அருகில் கொண்டுபோனதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஒரு ஒயர் காயிலில் பாயிண்டுக்குச் செல்லும் முனைக்கு, மற்றொன்று பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவைத்த ஃபிரேம் போல்ட்டுக்கு. கண்டென்சர் பாயிண்டிலிருந்து தள்ளிப்போனால் பயன் குறையுமோ என்ற தயக்கம் இருந்தது. ஆனால் பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் 1968 வாக்கில் லூகாஸ் 6சி.ஏ. பாயிண்ட் வந்தபோதே கண்டென்சர்களை எஞ்சினை விட்டு வெளியே எடுத்துவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் தயக்கம் போய்விட்டது. பாயிண்டில் இப்போது சூட்டிலும் குளிரிலும் ஒரே அளவான, கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் சிறு பொறிதான் வருகிறது.

கெட்ட கண்டென்சர் பாயிண்டையும் தின்றுவிட்டுப் போயிருந்ததால் புதிய பாயிண்ட் போட்டு, பொறி வரும் நேரமான டைமிங்கை வைக்க வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அவசரப்படுகிறவர்கள் வண்டியைக் கெடுக்கும் இடமும் இதுவே. இடைவெளியை முதலில் வைத்துவிட்டுத்தான் டைமிங்கைத் தொட வேண்டும். இடைவெளி கூடினால் டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். 0.35 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்து 0.40 தகடு சற்றே உரசிக்கொண்டு நுழையும்படி வைத்தேன். புதிய பாயிண்டின் நார்க்கட்டை, சுழன்று பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசித் தேயத் தேய இடைவெளி சுருங்கும். எனவே மேல் அளவை ஒட்டித் தொடங்குவது நல்லது. கேமுக்கு வைக்கும் கிரீஸ் கடுகளவுக்கு மேல் போகக் கூடாது. அதுவும் அதிக வெப்பம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் சென்னைச் சூட்டில் உருகிப் பாயிண்ட் முகத்தில் படர்ந்துவிடும்.

வேகத்துக்கேற்பப் பொறியை முந்தவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் முழுவதும் பின்தங்கிய நிலையில், பிஸ்டன் மேல்முனைக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். பிளக் துளை சாய்வாக இருப்பதால் உள்ளே விடும் கம்பி காட்டும் அளவை அப்படியே நம்ப முடியாது. நுண்ணளவை முள்ளில் காட்டும் டயல் கேஜுக்கு ஏற்ற ஒரு அடாப்டரைப் பழைய பிளக் உடலிலிருந்து அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். பிளக்கைக் கழற்றி, நான்காம் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் உருட்டினால் எஞ்சின் மயிரிழை அளவாக நகரும். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு இழுத்து நிறுத்தக் கூடாது. நன்றாகப் பின்னுக்குப் போய், மீண்டும் முன்னோக்கியே குறிக்கு வர வேண்டும். டைமிங் பற்சக்கரங்களின் இடையாட்டம் அப்போதுதான் ஒரு பக்கமாக ஒதுங்கும். சிகரெட் தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்ப்பது பழைய முறை. நான் 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றைக் காயில் முனைக்கும் எர்த்துக்கும் இடையில் கோத்துக்கொண்டேன். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு இருண்டிருக்கும். திறந்த கணமே ஒளிரும். அந்த ஒளி கேஜின் 0.8-இல் வரும்வரை பெட்டியின் உடலைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன். இறுக்கும்போது அது இம்மியளவு நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கிய பின்னும் ஒருமுறை சோதித்தாக வேண்டும்.

இவ்வளவையும் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே மிஞ்சும் இடத்தில், தலையில் மாட்டிய விளக்கின் ஒளியில் செய்கிறேன். அங்கே கரண்ட் எடுக்க பிளக் பாயிண்ட் கிடையாது. சால்டரிங் வேலைக்கு மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வர வேண்டும். இரவு ஒன்பது மணிக்குமேல் எஞ்சினை ஓடவிடக் கூடாது என்பது சங்கத்தோடு எனக்குள்ள ஒப்பந்தம், அது நியாயமானதும்கூட. விடியற்காலையில் கிளம்பும் நாட்களில் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோய்த்தான் உதைக்கிறேன். தனி வீடும் திண்ணையும் உள்ள சிற்றூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரே பகலில் புதுப்பேட்டையில் பழைய உதிரிப் பாகத்தையும், ஜி.பி. ரோட்டில் புதியதையும், ரிச்சி தெருவில் கெப்பாசிட்டரையும், அம்பத்தூரில் லேத்தையும் அவர்களால் பிடிக்க முடியாது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் ஆலை திருவொற்றியூரில் அமைந்திருந்ததால், இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் கைகள் இந்நகரில் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவதற்காகவே இந்த நெரிசலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது வண்டி உதைக்கும் முறையே சுகமாக இருக்கிறது. சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்குத் திரும்பும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷரைப் பிடித்து மேல்முனையைச் சற்றே தாண்டவைத்து, விட்டு உதைத்தால், சூட்டிலும் முதல் உதையிலேயே பிடிக்கிறது. சிக்னலில் நேராக நியூட்ரலுக்குக் கொண்டுபோகும் நியூட்ரல் ஃபைண்டரைக் குதிகாலால் மிதித்துவிட்டு, அந்த நிதானமான ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, சுற்றிலும் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் எனக்கு உறைப்பதில்லை. ஞாயிறு விடியலில் காமராஜர் சாலை காலியாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றும்போது வரும் ஓசைக்காக வாரம் முழுவதும் காத்திருக்கிறேன்.

வேலை முழுதாக முடிந்துவிடவில்லை. நீண்ட நெரிசலுக்குப் பிறகு ஐட்லிங் கொஞ்சம் ஏறி, தானாக இறங்குகிறது. ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் இரண்டும் சம இழுவிசையில் இல்லை என்று நினைக்கிறேன். எடைக்கட்டைகளின் முளைகளிலும் தேய்மானம் தெரிகிறது. புதிய ஸ்பிரிங்குகளைவிடப் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஆலைப் பாகங்களின் ஸ்பிரிங்குகள் மேலானவை என்று அந்த முதியவர் சொல்லியிருக்கிறார். இரண்டு யூனிட்டுகளை எடுத்துவைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். அவை வருவதற்குள் கிளட்சைத் திறந்துவிடலாம் என்றிருக்கிறேன். இதே சூட்டில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு முதல் கியர் விழ மறுப்பதால், பிரஷர் பிளேட் கோணாமல் உயர்கிறதா என்பதையும் ஸ்பிரிங் திருகுகள் ஒரே அளவில் முடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் முதலில் பார்க்கப்போகிறேன். கார்க் பிளேட் நல்லதாகக் கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.