ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு: ரூட் கணக்கை நான் படித்த விதம்

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ் தேர்வில் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதனால் படித்த முறையை மட்டும் எழுதுகிறேன். நேரம் மூன்று மணி. மொத்தம் 300 மதிப்பெண்ணில் 210 எடுத்தால் தேர்ச்சி. எல்லாமே செய்முறை.

ரூட் கணக்கு, அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கு, லினக்ஸை நிறுவியவுடன் எப்படி இருக்கும் என்பதை நோட்ஸ் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள். டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் வகைக்கு வகை, மாறும். உபுண்டு, டெபியன், ராக்கி லினக்ஸ் 9 (இது ரெட் ஹேட் குடும்பம்) மூன்றையும் விர்ச்சுவல் மெஷினில் போட்டு, எதையும் தொடுவதற்கு முன்பே பாஸ்வேர்டு விவரங்கள் இருக்கும் ஷேடோ கோப்பைத் திறந்து பார்த்தேன். உபுண்டுவில் ரூட்டின் பாஸ்வேர்டு பூட்டியே வருகிறது. நிறுவும்போது உருவாகும் முதல் பயனருக்கு சூடோ உரிமை (ரூட்டாகக் கட்டளை ஓட்டும் உரிமை) உண்டு. டெபியனில் ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் அதே கதைதான். கொடுத்துவிட்டால் ரூட் திறந்திருக்கும், முதல் பயனருக்கு சூடோ கிடைக்காது. ரெட் ஹேட் குடும்பத்தில் சூடோ உரிமை வீல் என்ற குழுவின் வழியாக வரும்.

அதிகம் குழப்புவது எஸ்எஸ்எச், அதாவது நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி. 2015இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.0 முதல், ரூட் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வர முடியாது, சாவிக் கோப்பு இருந்தால் வரலாம் என்பதே இயல்பு அமைப்பு. ஆனால் ரெட் ஹேட்டின் லினக்ஸான ஆர்எச்இஎல் 8 பாஸ்வேர்டையும் அனுமதித்தது, 9இல்தான் மாற்றினார்கள். 8க்கு எழுதிய பழைய நோட்ஸ் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, பதிப்பைப் பார்த்துப் படியுங்கள். இன்னொன்று: ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் சேவையை நடத்தும் நிரல்) முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும். துணைக் கோப்புறையில் இருப்பவை முதலில் படிக்கப்படுவதால், முதன்மைக் கோப்பின் அடியில் நீங்கள் சேர்த்த வரி பேசாமல் கிடக்கும். எஸ்எஸ்எச்டியைப் பெரிய 'டி' ஆப்ஷனோடு ஓட்டினால் உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று காட்டிவிடும். நான் ஒவ்வொரு பயிற்சியையும் இதில்தான் முடிப்பேன்.

பாஸ்வேர்டைப் பூட்டினால் கணக்கே மூடிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. சாவி வைத்திருப்பவர் அப்போதும் எஸ்எஸ்எச்சில் வரலாம்.

அப்புறம், பூட் நிலையில் இடைமறித்து ரூட் பாஸ்வேர்டை மாற்றுவது. இது வெளிப்படையான பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, கை தானாகப் போகும்வரை செய்து பாருங்கள். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு கோப்புகளுக்கு அடையாளக் குறிகளை மறுபடி இடுவதற்கு (மறுகுறியிடல்) ஆட்டோரீலேபல் கோப்பை உருவாக்காமல் விட்டால், புதுப் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் லாகின் ஆகாது. மறுகுறியிடல் நடக்கும்போது திரை அப்படியே நின்றதுபோல் இருக்கும். பயந்து பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

எதை மாற்றினாலும் ரீபூட் செய்து சரிபாருங்கள், ரீபூட்டுக்குப் பிறகும் நிற்காத மாற்றத்துக்கு மதிப்பெண் இல்லை. தேர்வறையில் இணையம் கிடையாது, கணினியிலேயே இருக்கும் கையேடான மேன் பக்கங்கள் உண்டு. எஸ்எஸ்எச்டி கான்ஃபிக், சூடோயர்ஸ் என்ற அமைப்புக் கோப்புகள் இரண்டின் மேன் பக்கங்களிலும் எது எங்கே இருக்கிறது என்று முன்பே பழகிக்கொள்ளுங்கள்.