ஃபாக்ஸ்ஹவுண்ட் வீட்டோடு ஒட்டுமா?

லெஸ்டர்ஷயர் கிராமத்துக்குக் குடிவந்த புதிதில், சாயங்காலம் வயல்களுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வரும். முதலில் ஒரு நாய் நீட்டி ஊளையிடும். அதன் மேல் இன்னொன்று சேரும். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே சேர்ந்து பாடும். சட்டென்று எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். பக்கத்துப் பண்ணை அம்மாவிடம் கேட்டேன். "வேட்டைக் குழுவின் கென்னல் அங்கே இருக்கிறது. வயிறு நிறைந்தால் பாடுவார்கள்" என்றார். கென்னல் என்றால் வேட்டை நாய்களைக் கூட்டமாக வைத்து வளர்க்கும் இடம். நாய்களை 'அவர்கள்' என்றுதான் சொன்னார்.

இப்போது அந்தக் கூட்டத்தில் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பெயர் வெல்வெட், நரிவேட்டைக்கென்றே வளர்க்கும் ஃபாக்ஸ்ஹவுண்ட் இனம். அம்மா நாயின் பெயர் வேனிட்டி. தாய் அல்லது தகப்பன் பெயரின் முதல் எழுத்திலேயே குட்டிக்கும் பெயர் வைப்பது கென்னல் வழக்கம். இங்கிலாந்தில் இருக்கும் தமிழ் நண்பர்கள் வெல்வெட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு சாதுவாக இருக்கிறது! நாங்களும் ஒன்று எடுத்து வளர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனிதர்களோடு இருப்பதில் ஃபாக்ஸ்ஹவுண்டுக்குக் குறையே கிடையாது. தனியாக இருக்கத்தான் அதற்குத் தெரியாது. மற்ற சிரமங்களில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவைதான்.

இந்த நாயின் வரலாறே எங்கள் வட்டாரத்தில்தான் பெரும்பகுதி நடந்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஹியூகோ மெய்னெல் என்பவர் இங்கே குவார்ன் ஹால் என்ற மாளிகையில் இருந்துகொண்டு, வேகமும் மோப்பமும் சேர்ந்த ஹவுண்டுகளை, அதாவது வேட்டை நாய்களை, பார்த்துப் பார்த்து இனப்பெருக்கம் செய்தார். மெல்ட்டன் மோப்ரே ஊர் நரிவேட்டைக்காரர்களின் தலைநகரம் போல ஆனது. பீட்டர்பரோவில் 1878-இல் தொடங்கிய ஃபாக்ஸ்ஹவுண்ட் கண்காட்சி இன்றும் நடக்கிறது. பல தலைமுறைகளாக வம்சாவளியைப் புத்தகத்தில் எழுதி வைத்து வளர்த்த நாய் இது. ஆனால் எந்தத் தலைமுறையிலும் ஒற்றை நாயாக அதை யாரும் வளர்க்கவில்லை. கென்னலில் எண்ணுவதே ஜோடிக் கணக்கில்தான். ஐம்பது நாய் என்று சொல்ல மாட்டார்கள், இருபத்தைந்து ஜோடி என்பார்கள். புதிதாக வரும் இளம் நாயை அனுபவமுள்ள நாயின் கழுத்துப்பட்டையோடு சேர்த்துப் பூட்டி நடக்க விடுவார்கள். பெரியது போகிற வழியில் சின்னது போகும், அதுதான் பள்ளிக்கூடம்.

நம் ஊர் சிப்பிப்பாறையை அறிந்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து விரட்டுவது. முயல் மறைந்துவிட்டால் நின்றுவிடும். ஃபாக்ஸ்ஹவுண்ட் மூக்கால் பின்தொடர்வது. அதற்கு எதுவும் கண்ணில் பட வேண்டியதில்லை. எப்போதோ ஒரு நரி கடந்துபோன புல் போதும். மூக்கு தரையில் இறங்கிவிட்டால் காது அடைத்துக்கொள்கிறது. அப்போது பெயர் சொல்லிக் கத்துவதில் பயனில்லை. வெல்வெட் கீழ்ப்படியாத நாய் அல்ல. மூக்கு சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று இருநூறு வருஷமாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய உடம்பு அது.

வேட்டை பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாய்களை விட்டு நரியைக் கொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. 2005 பிப்ரவரி 18 முதல் அமலில் இருக்கிறது. அதன் பிறகு, முன்கூட்டியே இட்டு வைத்த வாசனைத் தடத்தின் மேல் நாய்களை ஓட விடுகிறோம் என்று குழுக்கள் சொல்கின்றன. தடம் என்ற பெயரில் நரியைத்தான் விரட்டுகிறார்கள் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். லேபர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் இதையும் தடை செய்வோம் என்றது. எங்கள் கிராமத்திலேயே இரண்டு கட்சி உண்டு, நான் இரண்டு பக்கத்தாரோடும் டீ குடிக்கிறேன். ஆனால் அந்தச் சண்டையின் நடுவே ஒரு கேள்வி இருக்கிறது: வேட்டை நின்றால் அந்த நாய்கள் எங்கே போகும்? வீட்டில் வைக்கவே முடியாது என்று ஒரு தரப்பு சொல்கிறது. எல்லா நாய் போலவும் தாராளமாக வைக்கலாம் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முடியவே முடியாது என்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இந்த நாய்கள் வீட்டையே பார்க்காதவை அல்ல. எட்டு, பத்து வாரக் குட்டியாக இருக்கும்போதே, பெரும்பாலும் இரண்டிரண்டாக, சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்பிவிடுவார்கள். அங்கே கோழி, மாடு, டிராக்டர், குழந்தைகள் எல்லாவற்றோடும் சில மாதம் வளர்ந்துவிட்டு, அடக்க முடியாத வயது வந்ததும் கென்னலுக்குத் திரும்பும். வெல்வெட் குட்டியாக வளர்ந்தது அந்தப் பண்ணை அம்மா வீட்டில்தான். ஆறு வயதில் முன்னங்காலில் அடிபட்டு, கூட்டத்தோடு ஓட முடியாமல் போனது. ஓட முடியாத ஹவுண்டின் கதை பொதுவாக அங்கேயே முடிந்துவிடும். அதை இங்கே எல்லோரும் அறிவார்கள், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அந்த அம்மாவிடம் அப்போது இடம் இல்லை. எங்களிடம் கருப்பன் இருந்தான், வயதான லாப்ரடார். "உங்களிடம் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறதே, அதனால்தான் கேட்கிறேன்" என்றார். அந்தக் காரணத்தின் எடை எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

முதல் நாள் வெல்வெட் சமையலறை வாசலில் வந்து நின்றது, உள்ளே வரவில்லை. தட்டில் சாப்பாடு இருக்கிறது, வாசம் வருகிறது, உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனாலும் கால் கதவு வரம்பைத் தாண்டவில்லை. என் மகள் "வெல்வெட்" என்று கூப்பிட்டதும் ஒரே பாய்ச்சல். கென்னலில் சாப்பாட்டு நேரத்தில் நாய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். பெயர் கேட்காமல் நுழையக் கூடாது. அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. ஐம்பது நாய்க்கு நடுவில் தன் பெயருக்காகக் காத்திருக்கத் தெரிந்த பிராணியை முரடு என்று சொல்பவர்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

தூக்கம் வேறு கதை. நல்ல மெத்தை வாங்கித் தரையில் போட்டோம். அதைச் சுற்றிச் சுற்றி வந்தது, படுக்கவில்லை. கென்னலில் தரையிலிருந்து உயர்த்திய பலகை மேடையில் வைக்கோல் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து குவியலாகத் தூங்குவார்கள். வெல்வெட் சோபாவில் ஏறியது. அப்புறம் அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது, யாராவது வந்து சாய்வார்கள் என்று. கடைசியில் கருப்பன் ஏறிப் படுத்தான், உடனே தூங்கிவிட்டது.

வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழகுவதும் கருப்பன் மூலமாகத்தான் நடந்தது. கென்னல் தரை கான்கிரீட், தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார்கள். அதனால் ஓடு பதித்த சமையலறையும் கழிப்பிடமும் அதற்கு ஒன்றாகத் தெரிந்தது. நாங்கள் சொல்லிக்கொடுத்ததைவிட, கருப்பன் பின்வாசலில் போய் நின்றதைப் பார்த்துக் கற்றதுதான் அதிகம். மாடிப்படியும் அப்படியே. முன்னங்கால் இரண்டையும் முதல் படியில் வைத்துவிட்டு, பின்னங்காலை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும். கருப்பன் ஏறினான், அதுவும் ஏறியது.

இன்னொரு நாய் இல்லாத வீட்டில் இதெல்லாம் எப்படிப் போகும் என்பதையும் பார்த்தோம். கருப்பனை வைத்தியரிடம் கூட்டிப்போன மதியம், வெல்வெட் தனியாக இருந்தது. நான் திரும்பித் தெருவுக்குள் நுழையும்போதே குரல் கேட்டது. குரைப்பல்ல, ஆழமான, நீண்ட அழைப்பு. காட்டின் மறுபக்கத்தில் குதிரையில் வருபவருக்குக் கேட்க வேண்டும் என்று வளர்த்த குரல். எங்கள் வீடு ஒரு சுவரை அடுத்த வீட்டோடு பங்குபோடும் வீடு. இங்கே நாய்ச் சத்தம் வெறும் மனஸ்தாபத்தோடு முடியாது. 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம். என் மனைவி மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். இருவரும் காலையில் கிளம்பி இரவு திரும்பும் குடும்பமாக இருந்திருந்தால், அந்தப் பண்ணை அம்மா கேட்டதற்கு மறுத்திருக்க வேண்டும்.

வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. தோள் உயரம் 60 சென்டிமீட்டரைத் தொடும், 30 கிலோ எடை உள்ள நாய். நான்கடி வேலியைச் சாதாரணமாகத் தாண்டும், தாண்ட முடியாவிட்டால் அடியில் தோண்டும். இங்கிலாந்தில் தோட்டத்து வேலியை 2 மீட்டர் உயரம் வரை அனுமதி இல்லாமல் போடலாம். வண்டி போகும் சாலையை ஒட்டியது என்றால் 1 மீட்டர்தான். ஆகவே முன்பக்கத் தோட்டத்தை மறந்துவிடுங்கள். பின்பக்கம் முழுக்க 2 மீட்டர் வைத்து, கீழே கம்பிவலை புதைத்தோம்.

வெளியே போனால் எப்போதும் பத்து மீட்டர் நீளக் கயிறு, உடலைச் சுற்றிய பட்டை. சுற்றிலும் ஆட்டு மந்தைகள். ஆட்டைத் துரத்தும் நாயை, வேறு வழியே இல்லாதபோது ஆட்டின் சொந்தக்காரர் சுட்டால், 1971 விலங்குகள் சட்டம் அவரைக் காக்கிறது. 48 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொன்னால் போதும். வெல்வெட் ஆட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது, கென்னலில் அந்தப் பயிற்சி கண்டிப்பானது. முயல் வாசனை, மான் வாசனைக்கு உத்தரவாதம் தர முடியாது. அது எந்தப் பக்கம் போகும், நடுவில் சாலை இருக்கிறதா என்பது நாய்க்குத் தெரியாதே. கயிறு இல்லாமல் ஓட விடுவதற்கென்று சுற்றிலும் வேலி போட்ட வயல்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை அங்கே போகிறோம்.

எப்போதும் கழுத்துப்பட்டை அணிவதும் வெல்வெட்டுக்குப் புதிது. பொது இடத்தில் நாய், சொந்தக்காரரின் பெயரும் முகவரியும் பொறித்த பட்டை அணிய வேண்டும் என்பது 1992 உத்தரவு, வேட்டைக் கூட்டத்து நாய்களுக்கு அதில் விலக்கு உண்டு. கூட்டத்தை விட்டு ஒரு வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து விலக்கு போய்விட்டது. காதின் உள்பக்கத்தில் குழு குத்திய பச்சை எழுத்துகள் இன்னும் மங்காமல் இருக்கின்றன. மகள் அதைத் தடவிக்கொண்டேதான் டி.வி. பார்ப்பாள். வெல்வெட் கண்ணை மூடிக்கொள்ளும்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். கென்னலில் பண்ணைகளில் செத்த மாட்டின் பச்சை இறைச்சி போடுவார்கள். சட்டென்று உலர் தீவனத்துக்கு மாற்றினால் வயிறு கெடும், ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்ற வேண்டும். பின்னங்காலில் நின்றால் அடுப்பு மேடையின் கடைசி வரை வாய் எட்டும். வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். நம் சமையலில் வெங்காயம் இல்லாத நாள் எது? சாம்பார்ப் பாத்திரத்தை இப்போதெல்லாம் மூடி போட்டு அலமாரிக்குள் வைக்கிறோம். பூனை, முயல் வளர்க்கும் வீடு என்றால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். காவலுக்கு நாய் வேண்டும் என்பவர்களுக்கும் இது ஆகாது. யார் வந்தாலும் வாலை ஆட்டி வரவேற்கும்.

அமெரிக்காவிலிருந்து கேட்பவர்களுக்கு: அங்கே இருக்கும் ஃபாக்ஸ்ஹவுண்ட் தனி இனம், இன்னும் ஒல்லி, கால் நீளம். ஜார்ஜ் வாஷிங்டன் வளர்த்த ஹவுண்டுகளின் வழி. வர்ஜீனியா 1966-இல் அதை மாநில நாயாக அறிவித்தது. மூக்கும் குரலும் கூட்டத்தின் மேல் உள்ள பிடிப்பும் இரண்டுக்கும் பொது.

இவ்வளவு பாடு எதற்கு என்று ஊரிலிருந்து என் அண்ணன் கேட்டார். குடிவந்த முதல் வருஷம் எங்களுக்குத் தெரிந்தவர்கள் தலையசைக்கும் முகங்கள் மட்டும்தான். வெல்வெட் வந்த பிறகு வயல் நடைபாதைகள் எல்லாம் பழகின. எந்தக் கதவைத் திறந்தே விட வேண்டும், எதை மூட வேண்டும், எந்த வயலில் கன்று ஈன்ற மாடு நிற்கும் என்று தெரிந்தது. வேட்டைக் குழுவில் நாற்பது வருஷம் இருந்த தாத்தா ஒருவர் வழியில் நின்று, வெல்வெட்டின் பாட்டி பெயர் வரைக்கும் சொன்னார். வேட்டையை எதிர்த்துப் பலகை பிடிப்பவர் எங்கள் வீட்டுக்கு வந்து அதன் தலையைத் தடவி, ஒன்றாவது தப்பியதே என்றார். இருவரும் ஒரே கடைத்தெருவில் முகம் பார்க்காமல் போகிறவர்கள்.

போன மாதம் கோவென்ட்ரியிலிருந்து ஒரு தம்பதி பேசினார்கள். மூன்றாவது மாடி ஃபிளாட், இருவருக்கும் அலுவலகம், நாய் வளர்த்துப் பழக்கமில்லை. வேண்டாம் என்று சொன்னேன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டைப் பாருங்கள், சத்தம் போடாது, நாளில் பாதி தூங்கும் என்றேன். ஆனாலும் அதையும் நாள் முழுக்கத் தனியாக விட முடியாது, மதியம் வந்துபோக ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள் என்றேன். நாட்டிங்ஹாம் பக்கம் தோட்டத்தோடு வீடு வாங்கி, ஏற்கெனவே ஒரு நாயை வைத்திருக்கும் அக்கா ஒருவரிடம் வேறு மாதிரி சொன்னேன்: முதலில் குட்டி வளர்த்துக்கொடுக்கும் வேலையை எடுத்துப் பாருங்கள் அக்கா, இரண்டு குட்டியாகவே கொடுப்பார்கள், சில மாதத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அந்த மாதங்கள் உங்கள் வீட்டுக்கும் உங்கள் நாய்க்கும் ஒத்துவந்தால், ஓட முடியாத பெரியது ஒன்றைக் கேளுங்கள். அவர் வேலி அளந்துகொண்டிருக்கிறார்.