சத்துவாச்சாரியிலிருந்து ஒரு லண்டன் விண்ணப்பம்

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் ஜூனியராக இருந்தபோதுதான் லண்டனில் உள்ள ஒரு சர்வதேச சட்ட நிறுவனத்துக்கு, டிரெய்னி சொலிசிட்டர், அதாவது பயிற்சி வக்கீல் இடத்துக்கு, விண்ணப்பித்தேன். சீனியரிடம் சொன்னதும், "அங்க போய் வக்காலத்து போடப் போறியாம்மா?" என்றார். கோர்ட்டில் நின்று வாதாடுவது அங்கே பெரும்பாலும் பாரிஸ்டர் வேலை, சொலிசிட்டர் வேலை வேறு என்றேன். "வாதாடாத வக்கீலா!" என்று கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பயிற்சி இரண்டு வருடம். ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவாக நான்கு பிரிவுகளில் வேலை. ஒவ்வொன்றுக்கும் 'சீட்' என்று பெயர். சேருவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே விண்ணப்பம் வாங்கிவிடுகிறார்கள். இது தெரியாமல் முதல் வருடம் கடைசித் தேதியைக் கோட்டை விட்டேன். சொலிசிட்டர் ஆவதற்கென்று 2021-இல் வந்த எஸ்க்யூஇ தேர்வு வேறு இருக்கிறது, முதல் கட்டத்திலேயே 360 கேள்விகள். சரி, அது இடம் கிடைத்த பிறகு.

அடுத்த வருடம், விண்ணப்பித்தவர்களை வடிகட்ட வைக்கும் வாட்சன் கிளேசர் தேர்வு. 30 நிமிடத்தில் 40 கேள்வி, சட்டம் ஒரு வரிகூட வராது. கொடுத்த வாக்கியத்திலிருந்து இந்த முடிவு வருமா, வராதா என்பார்கள். நமக்கு வெளியே தெரிந்ததை உள்ளே நுழைத்தால் தொலைந்தோம். நான் தொலைந்தேன். மூன்றாவது வருடம் பயிற்சி செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

விண்ணப்பத்தில் ஒரு வணிக விஷயம் பற்றி எழுதச் சொல்வார்கள். முன்பு வட்டி விகிதம் பற்றிப் பேப்பரில் படித்ததை எழுதியிருந்தேன். இம்முறை பாலாறும் அதில் கழிவு விட்ட தோல் கம்பெனிகளும். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்னதே, அது.

வீடியோ நேர்காணலில் இரண்டு பார்ட்னர்கள். தீர்ப்பை ஒப்பித்து முடித்தேன். அவர்களில் பெண் பார்ட்னர் கேட்டார்: "நம் கட்சிக்காரர் அந்த மக்கள் இல்லை. அங்கே தோல் வாங்கும் ஐரோப்பிய ஷூ கம்பெனி. அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?"

வாய் வரவில்லை. இத்தனை நாளும் ஊர்க்காரியாக மட்டுமே அந்த வழக்கைப் படித்திருக்கிறேன். அப்புறம்தான் அப்பா ஞாபகம் வந்தார். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாதாமாதம் கட்டிய ரசீது எல்லாம் ஒரு பச்சை ஃபைலில் இருக்கும். வெளிநாட்டு பையர் வந்தால் மேஜைக்கு வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த ஃபைலைக் கேட்கச் சொல்வேன் என்றேன்.

"ஃபைல் பொய்யாக இருந்தால்?"

"ஆற்றுப் பக்கம் ஆள் அனுப்பச் சொல்வேன். மோந்து பார்த்தாலே தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். பத்தாம் நாள் மெயில் வந்தது: வெக்கேஷன் ஸ்கீமுக்கு, அதாவது சில வாரம் ஆபீசில் வைத்துப் பார்க்கும் கட்டத்துக்கு, தேர்வாகியிருந்தேன். அம்மா இனிப்பு வாங்க ஆள் அனுப்பினாள். அப்பா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "கம்பெனி பேரைச் சொல்லிடலையே?"