தொக்கமும் ஓஆர்எஸ்ஸும்

அண்ணன் மகளுக்கு ஒன்றரை வயது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, வாந்தி. "தொக்கம் விழுந்திருக்கு, எடுத்துட்டா சரியாயிடும்" என்று, தின்றது ஏதோ வயிற்றில் சிக்கியிருப்பதாக அத்தை சொல்ல, பக்கத்து ஊரில் தொக்கம் எடுக்கும் ஓர் அம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். அந்த அம்மா குழந்தையின் வாயில் ஊதி, தொண்டையைத் தடவி, உள்ளங்கையில் ஒரு முறுக்குத் துண்டைக் காட்டினார். இரண்டு நாள் வயிற்றில் கிடந்ததாம், நமுத்துக்கூடப் போகவில்லை! நானும் தலையாட்டிவிட்டுக் காசு கொடுத்தேன்.

ராத்திரி பார்த்தால் கண் குழி விழுந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை, மதியத்திலிருந்து டயப்பர் நனையவே இல்லை. டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. முதல் நாளே ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் அந்த அளவுக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்து, 14 நாளுக்கு ஜிங்க் மருந்தும் ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார் டாக்டர்.

அத்தை இன்னமும் தொக்கம் எடுத்ததால்தான் பிழைத்தது என்கிறார்.